போர், வீட்டு வாடகை ரெண்டுக்கும் சிட்டி கவுன்சில்ல போய் பேசறது எப்படி? பே ஏரியாவுக்குப் புதுசா வந்த நம்ம மக்களுக்கு

நம்ம வாட்ஸப் குரூப்ல ரெண்டு விஷயம் மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கு. ஒண்ணு காசால இருந்து வர்ற வீடியோ. இன்னொண்ணு "வாடகை ஏத்தி நோட்டீஸ் ஒட்டிட்டாங்க, என்ன பண்றது"ங்கற மெசேஜ். ரெண்டுக்கும் அடியில யாராவது "சிட்டி கவுன்சில்ல போய் பேசுங்க"ன்னு போடுவாங்க (கவுன்சில்னா நம்ம ஊர் நகராட்சி மன்றம் மாதிரி), உடனே இன்னொருத்தர் "அங்க போய் பேசி என்ன ஆகப்போகுது"ன்னு போடுவாங்க, அதோட முடிஞ்சுடும். என்ன ஆகும், எப்படிப் போகணும், என்ன கேக்கணும்னு தமிழ்ல யாரும் முழுசா எழுதி நான் பாக்கல, அதான் உக்காந்து எழுதறேன். இது கலிஃபோர்னியா சட்டத்த வச்சு எழுதினது, ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ஹோசே, ஓக்லண்ட் பக்கம் இருக்கறவங்களுக்கு நேரடியா பொருந்தும், வேற ஸ்டேட்ல இருந்தா ரூல்ஸ் மாறும்.

முதல்ல கவுன்சில் கைல என்ன இருக்குன்னு பாருங்க

எல்லாமே இதுலதான் இருக்கு. கவுன்சில் கைல இல்லாத ஒண்ண எவ்ளோ உருக்கமா கேட்டாலும் ஒண்ணும் நடக்காது. கைல இருக்கறதக் கேட்டு, அது ஓட்டுக்கு வந்துட்டா அவங்க "முடியாது"ன்னு வாயால சொல்லணும், ஓட்டுப் போட்டுச் சொல்லணும், அது ரெக்கார்டுல ஏறும்.

போர் விஷயத்துல சிட்டியால செய்ய முடிஞ்சது ரெண்டு. ஒண்ணு தீர்மானம் போடறது. "போர் நிறுத்தம் வேணும்னு எங்க ஊர் சொல்லுது"ன்னு ஓட்டுப் போட்டு நிறைவேத்தி, அத நம்ம காங்கிரஸ் மெம்பருக்கும் செனட்டருக்கும் வெள்ளை மாளிகைக்கும் அனுப்பறது. ரிச்மண்ட் சிட்டி 2023 அக்டோபர்லயே காசா மக்களுக்கு ஆதரவா தீர்மானம் போட்டுச்சு, நாட்டுலயே முதல்ல போட்ட ஊர்கள்ல அது ஒண்ணு, அந்த மீட்டிங் நள்ளிரவு தாண்டிப் போச்சு. ஓக்லண்ட் நவம்பர் 27 அன்னிக்கு எதிர் ஓட்டே இல்லாம போர்நிறுத்தத் தீர்மானம் போட்டுச்சு. சான் ஃபிரான்சிஸ்கோ 2024 ஜனவரில 8-3ன்னு போட்டுச்சு. சிகாகோல அதே மாசக் கடைசில 23-23ன்னு சமமா வந்து மேயர் பிராண்டன் ஜான்சன் போட்ட ஓட்டுலதான் நிறைவேறுச்சு. ஒரு ஓட்டு! உங்க டிஸ்ட்ரிக்ட் (நம்ம ஊர் வார்டு மாதிரி) மெம்பருக்கு நீங்க அனுப்பற ஒரு மெயிலுக்கு என்ன மதிப்புன்னு இதுல இருந்து தெரிஞ்சுக்கலாம்.

இது புதுசும் இல்ல. 2003ல ஈராக் போருக்கு முன்னாடி சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் உட்பட நூத்துக்கும் மேல ஊர்கள் போர் வேண்டாம்னு தீர்மானம் போட்டுச்சு. போர் நிக்கல, அது உண்மை. ஆனா இந்த ஊரு மக்கள் ஒத்துக்கலங்கறது எழுத்துல இருக்கு.

ரெண்டாவது பணம். சிட்டி தன்னோட ரிசர்வ் பணத்த எங்கயாவது முதலீடு பண்ணி வச்சிருக்கும், அதுக்கு "இன்வெஸ்ட்மென்ட் பாலிசி"ன்னு ஒரு டாக்குமென்ட் இருக்கும், பொதுவா வருஷா வருஷம் கவுன்சில் முன்னாடி வரும், பெரும்பாலும் யாரும் கவனிக்காமலே பாஸ் ஆயிடும். ஹேவர்டு சிட்டி 2024 ஜனவரில காசா போரோட தொடர்பு இருக்குன்னு மக்கள் சுட்டிக்காட்டின 4 கம்பெனில இருந்து சுமார் 16 லட்சம் டாலர வெளிய எடுக்க முடிவு பண்ணுச்சு. அந்தப் பணம் அங்க இருக்குன்னு கண்டுபிடிக்க யாரோ உக்காந்து அந்த ரிப்போர்ட்ட படிச்சிருக்கணும், அந்த வேலைய யாரு வேணா செய்யலாம். பெர்க்லி 1979லயே தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியோட தொடர்புள்ள முதலீட்ட விலக்கணும்னு முடிவெடுத்த ஊரு, அதுனால இந்தப் பக்கத்துக்கு இதுல நீளமான வரலாறு உண்டு.

ஒரு எல்லையும் இருக்கு. வெளிநாட்டுக் கொள்கை ஃபெடரல் அரசோட வேலை. மியான்மர் கூட வியாபாரம் பண்ற கம்பெனிக்கு ஆர்டர் குடுக்க மாட்டோம்னு மாசசூசெட்ஸ் ஸ்டேட் போட்ட சட்டத்த சுப்ரீம் கோர்ட் 2000ல ரத்து பண்ணிடுச்சு. சிட்டியோட வக்கீல் (சிட்டி அட்டர்னி) இதக் காட்டி "கை வைக்க முடியாது"ன்னு சொல்ல வாய்ப்பிருக்கு, ஆனா கருத்து சொல்ற தீர்மானத்துக்கு அந்தத் தீர்ப்பு தடை கிடையாது.

ஈழத்துல இருந்து வந்த குடும்பங்களுக்கு இத நான் விளக்கவே வேண்டாம். கனடால பிராம்ப்டன் சிட்டி கவுன்சில் தமிழ் இனப்படுகொலை நினைவுச்சின்னம் வைக்க ஓட்டுப் போட்டு, எவ்ளோ எதிர்ப்பு வந்தும் 2025 மே மாசம் சிங்குவாக்குசி பார்க்ல திறந்து வச்சுது. போர் நடந்த நாட்டுல கிடைக்காத ஒரு இடத்த ஒரு முனிசிபல் கவுன்சில் குடுத்துச்சு.

இப்ப வீடு. இதுல கவுன்சிலுக்கு அதிகாரம் எக்கச்சக்கம். பழைய அபார்ட்மென்ட்டுக்கு வாடகை உயர்வு வரம்பு, காரணம் இல்லாம காலி பண்ணச் சொல்லக்கூடாதுங்கற சட்டம், காலி பண்ண வச்சா இடமாற்றச் செலவு, வாடகைப் பதிவேடு, வக்கீல் உதவி ஃபண்டு, சிட்டிக்குச் சொந்தமான காலி இடத்துல குறைஞ்ச வாடகை வீடு கட்டறது, புதுக் கட்டடத்துல இத்தன சதவீதம் கட்டுப்படியான வாடகைக்கு விடணும்ங்கற ரூல், இதெல்லாம் அவங்க கைல. அவங்க கைல இல்லாதது என்னன்னா, காஸ்டா ஹாக்கின்ஸ்னு 1995ல வந்த ஸ்டேட் சட்டம். அதுனால தனி வீட்டுக்கும், 1995 பிப்ரவரி 1க்கு அப்புறம் கட்டின பில்டிங்குக்கும் சிட்டி வாடகைக் கட்டுப்பாடு போட முடியாது. அத மாத்தறதுக்கு ஸ்டேட் மக்கள் ஓட்டுக்கு வந்த ப்ராப்பொசிஷன் 33, 2024 நவம்பர் தேர்தல்ல தோத்துப் போச்சு. அதுனால நீங்க இருக்கறது 2015ல கட்டின லக்சுரி அபார்ட்மென்ட்னா, கவுன்சில்ல போய் "என் வாடகைய கன்ட்ரோல் பண்ணுங்க"ன்னு கேட்டா வேலைக்கு ஆகாது, காரணமில்லாம காலி பண்ண வைக்கறது பத்திக் கேளுங்க, அது முடியும்.

போறதுக்கு முன்னாடி இதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க: ஏபி 1482ன்னு 2020ல இருந்து ஒரு ஸ்டேட் சட்டம் இருக்கு. 15 வருஷத்துக்கு மேல ஆன பெரும்பாலான அபார்ட்மென்ட்ல வருஷத்துக்கு 5 சதவீதமும் விலைவாசி உயர்வும் சேத்து ஏத்தலாம், எப்படிப் பாத்தாலும் 10 சதவீதம் தாண்டக் கூடாது. 12 மாசம் இருந்துட்டீங்கன்னா சரியான காரணம் இல்லாம காலி பண்ணச் சொல்ல முடியாது. உங்க நோட்டீஸ் இதையே மீறுதுன்னா கவுன்சிலுக்குப் போறதுக்கு முன்னாடி சிட்டியோட ஹவுசிங் டிபார்ட்மென்ட்டுக்கோ இலவச சட்ட உதவி மையத்துக்கோ போங்க, அங்கதான் சீக்கிரம் வேலை நடக்கும். இந்தச் சட்டம் 2030 ஜனவரி 1 வரைக்கும்தான், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

போரும் வீடும் ஏன் ஒரே கட்டுரைலன்னு கேக்கலாம். ஓக்லண்ட்ல 2019 கடைசில வீடில்லாத அம்மாக்கள் சில பேர் குழந்தைங்களோட மேக்னோலியா ஸ்ட்ரீட்ல ஒரு காலி வீட்டுக்குள்ள குடி புகுந்தாங்க. அது ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி வாங்கிப் பூட்டி வச்ச வீடு. 2020 ஜனவரில ஷெரிஃப் ஆளுங்க கவச வண்டியோட வந்து அவங்கள வெளியேத்தினாங்க. அந்த அம்மாக்கள் கூட முன்னாடி நின்ன கேரல் ஃபைஃப் அதே வருஷம் நவம்பர்ல கவுன்சில் மெம்பரா ஜெயிச்சாங்க. 2023ல ஓக்லண்ட் போர்நிறுத்தத் தீர்மானத்தக் கொண்டு வந்ததும் அவங்கதான். வீட்ட இழக்கறதுன்னா என்னன்னு கிட்ட இருந்து பாத்தவங்களுக்கு ரெண்டும் வேற வேற விஷயமா தெரியல, எனக்கும் தெரியல.

உங்க ஊர் எது, உங்க ஆள் யாரு

சிரிக்காதீங்க, இதுல நிறைய பேர் தடுமாறுறாங்க. லெட்டர்ல "சான் ஹோசே"ன்னு அட்ரஸ் இருக்கும், ஆனா அந்த இடம் சிட்டி எல்லைக்குள்ள இருக்காது, கவுன்ட்டி (மாவட்ட நிர்வாகம் மாதிரி) கைல இருக்கும். அப்ப நீங்க போக வேண்டியது கவுன்ட்டி சூப்பர்வைசர்ஸ் போர்டு. சிட்டி வெப்சைட்ல "என் டிஸ்ட்ரிக்ட் எது"ன்னு அட்ரஸ் போட்டுப் பாக்கற வசதி இருக்கும், அதுல போட்டா உங்க மெம்பர் பேர் வந்துடும்.

அப்புறம் கணக்கு போடுங்க. 7 பேர் கவுன்சில்னா 4 ஓட்டு வேணும். யாரு நிச்சயம் ஆதரவு, யாரு நிச்சயம் எதிர்ப்பு, யாரு நடுவுலன்னு பழைய மீட்டிங் வீடியோ ரெண்டு மூணு பாத்தாலே ஓரளவு புரியும். உங்க சக்தி எல்லாம் நடுவுல இருக்கற அந்த ஒண்ணு ரெண்டு பேர் கிட்ட போகணும். ஏற்கனவே நம்ம பக்கம் இருக்கறவங்களுக்கு நூறு மெயில் போடறதுல பிரயோஜனம் கம்மி.

அஜெண்டாவப் பிடிங்க

கலிஃபோர்னியால பிரவுன் ஆக்ட்னு 1953ல இருந்து ஒரு சட்டம் இருக்கு, கவுன்சில் மாதிரி அமைப்புகள் மீட்டிங்க மக்கள் முன்னாடி எப்படி நடத்தணும்னு சொல்றது. வழக்கமான மீட்டிங்குக்கு 72 மணி நேரம் முன்னாடி அஜெண்டா (என்னென்ன விஷயம் எடுக்கப் போறாங்கங்கற பட்டியல்) வெளிய வந்தாகணும், ஸ்பெஷல் மீட்டிங்னா 24 மணி நேரம். பெரும்பாலான ஊர்ல கவுன்சில் செவ்வாய்க்கிழமை கூடும், அதுனால வெள்ளிக்கிழமை ராத்திரி அஜெண்டா பாக்கறத பழக்கமாக்கிக்கோங்க, சிட்டி க்ளெர்க் (மீட்டிங் பேப்பர் எல்லாம் பாத்துக்கற அதிகாரி) வெப் பக்கத்துல ஈமெயில் குடுத்தா தானா வரும்.

திறந்து பாத்தா பயமா இருக்கும், நூத்துக்கணக்கான பக்கம். நீங்க பாக்க வேண்டியது மூணே இடம். "கன்சென்ட் காலெண்டர்"னு ஒரு பகுதி, அதுல இருக்கற இருபது முப்பது ஐட்டமும் ஒரே ஓட்டுல மொத்தமா பாஸ் ஆகும், முக்கியமான கான்ட்ராக்டும் முதலீட்டுப் பாலிசியும் இதுலதான் ஒளிஞ்சுட்டு இருக்கும். ஒரு மெம்பர் கிட்ட முன்னாடியே சொல்லி அந்த ஐட்டத்த தனியா எடுத்து விவாதிக்கச் சொல்லலாம். அடுத்து "பப்ளிக் ஹியரிங்", "ஆக்ஷன் ஐட்டம்" பகுதி, இங்கதான் வாடகை சட்டமெல்லாம் வரும். மூணாவது "ஓப்பன் ஃபோரம்", சில ஊர்ல வேற பேர்ல இருக்கும், அஜெண்டால இல்லாத எதப் பத்தியும் இங்க பேசலாம்.

புதுசா போறவங்க மனசு உடையறது இந்த ஓப்பன் ஃபோரம்லதான். தொண்டை அடைக்க பேசிட்டு வருவாங்க, மேல உக்காந்திருக்கறவங்க ஒரு வார்த்தை பதில் சொல்லாம "நன்றி, அடுத்தவர்"னு போயிடுவாங்க. அவமானமா எடுத்துக்காதீங்க. அஜெண்டால இல்லாத விஷயத்த விவாதிக்கவோ முடிவெடுக்கவோ பிரவுன் ஆக்ட் அவங்கள விடாது, சுருக்கமா ஒரு பதில் சொல்லலாம், இல்லன்னா ஸ்டாஃப் கிட்ட பாக்கச் சொல்லலாம், அவ்ளோதான். அதுனால ஓப்பன் ஃபோரம்ல உங்க கோரிக்கை ஒண்ணே ஒண்ணா இருக்கணும்: "இத அஜெண்டால வைங்க." யாரு வைக்க முடியும்ங்கறது ஊருக்கு ஊர் மாறும், சில ஊர்ல மேயரே வைப்பார், சில ஊர்ல ரெண்டு மெம்பர் கையெழுத்துப் போட்ட மெமோ வேணும். க்ளெர்க் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்க, பொதுவா பொறுமையா சொல்வாங்க.

என்ன கேக்கறோம்னு ஒரே வரில எழுதுங்க

"ஏதாவது பண்ணுங்க"ன்னு கேட்டா "ரொம்ப வருத்தமா இருக்கு"ன்னு பதில் வரும். "ஐட்டம் 9ல இருக்கற முதலீட்டுப் பாலிசில ஆயுதத் தயாரிப்புக் கம்பெனிகள்ல புதுசா பணம் போடறதில்லன்னு ஒரு வரி சேத்து பாஸ் பண்ணுங்க"ன்னு கேட்டா, ஆமா இல்ல ரெண்டுல ஒண்ணு சொல்லித்தான் ஆகணும். இந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு. யார் செய்யணும், எந்த பேப்பர்ல, எப்பக்குள்ள, இந்த மூணும் ஒரு வரில வரணும்.

தீர்மானம் கேக்கறீங்கன்னா வரைவ நீங்களே எழுதிக் குடுங்க. வேற ஊர்ல பாஸ் ஆன தீர்மானம் எல்லாம் பொது டாக்குமென்ட், எடுத்து உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்தலாம். பொதுமக்கள் உயிர், பிணைக்கைதிகள் விடுதலை, உணவும் மருந்தும் போய்ச் சேர்றது, இந்த ஊர்லயே ரெண்டு பக்கமும் வெறுப்புத் தாக்குதல் நடக்கக் கூடாதுங்கறது, இதெல்லாம் தெளிவா இருந்தா நடுவுல நிக்கற மெம்பர் கைதூக்க வாய்ப்பு அதிகம்.

வார்த்தைகளக் கவனிச்சுப் படிங்க, எதிர்த்து நிக்கறதுக்கும் இது வேணும். ஃப்ரீமான்ட்ல 2025 பிப்ரவரில தெருவுலயும் பார்க்லயும் டென்ட் போட்டுத் தங்கறதுக்குத் தடை போட்டாங்க, அதுல "உதவி செய்யறவங்க, உடந்தையா இருக்கறவங்க"ளும் குற்றவாளின்னு ஒரு வரி இருந்துச்சு. சாப்பாடு குடுக்கறவங்க, சர்ச் ஆளுங்க, தொண்டர்கள் எல்லாம் கொதிச்சுப் போய் எதிர்த்தாங்க, அடுத்த மாசமே கவுன்சில் அந்த வரிய எடுத்துட்டாங்க. தடை அப்படியே இருக்கு, அது எனக்கு இன்னமும் வலிதான், ஆனா ஒரு பொட்டலம் சோறு குடுத்தவன கோர்ட்டுக்கு இழுக்கக்கூடிய ஒரு வரி போச்சு. நம்ம ஆளுங்க அவ்ளோ பேர் இருக்கற ஊரு அது.

ஒரு நிமிஷம்தான் கிடைக்கும்

அஜெண்டால 3 நிமிஷம்னு போட்டிருக்கும், கூட்டம் அதிகமா இருந்தா மேயர் ஒரு நிமிஷமா குறைச்சிடுவார், அதுனால ஒரு நிமிஷத்துக்கே தயார் பண்ணுங்க. தமிழ்ல பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வச்சுப் பேசறவங்களுக்கு குறைஞ்சது ரெண்டு மடங்கு நேரம் குடுக்கணும்னு பிரவுன் ஆக்ட்லயே இருக்கு (ஒரே நேரத்துல மொழிபெயர்க்கற கருவி வச்சிருந்தா மட்டும் இது பொருந்தாது). உங்க பையனோ பொண்ணோ பக்கத்துல நின்னு மொழிபெயர்க்கலாமான்னு க்ளெர்க் கிட்ட ஒரு நாள் முன்னாடி கேட்டு வச்சுக்கோங்க. ஊர்ல இருந்து வந்து தங்கியிருக்கற அம்மா அப்பாவும் பேசலாம், சிட்டிசனா இருக்கணும்னு கிடையாது, அந்த ஊர்லதான் குடியிருக்கணும்னும் கிடையாது.

இப்படி வச்சுக்கோங்க:

"வணக்கம். நான் இந்த ஊர்ல அஞ்சாவது டிஸ்ட்ரிக்ட்ல வாடகைக்கு இருக்கேன். ஐட்டம் 12 பத்திப் பேசறேன். எங்க பில்டிங்ல எதிர் வீட்டுக் குடும்பத்த ரிப்பேர் பண்ணப் போறோம்னு சொல்லிக் காலி பண்ண வச்சாங்க. அந்தப் பொண்ணு என் பொண்ணோட கிளாஸ்மேட், பரீட்சைக்கு நடுவுல ஸ்கூல் மாறிப் போச்சு. அந்த வீட்டுல பெயிண்ட் மட்டும் அடிச்சு அதிக வாடகைக்கு விட்டுட்டாங்க. ஸ்டாஃப் ரிப்போர்ட்ல ரெண்டு வழி குடுத்திருக்கீங்க. ரிப்பேர் முடிஞ்சதும் பழைய வாடகைக்கே திரும்பி வர உரிமை குடுக்கற இரண்டாவது வழிக்கு இன்னிக்கே ஓட்டுப் போடுங்க. நன்றி."

சத்தமாப் படிச்சு ஃபோன்ல டைமர் வச்சுப் பாருங்க. நேரம் போச்சுன்னா உங்க கதைய வெட்டாதீங்க, மத்ததக் குறைங்க. புள்ளிவிவரம் ஸ்டாஃப் கிட்ட இருக்கு, எதிர் வீட்டுப் பொண்ணப் பத்தி உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கோரிக்கைய கடைசி வரி வரைக்கும் தள்ளாம, முன்னாடியே ஒரு தரம் சொல்லிட்டா இன்னும் நல்லது, பாதில மைக்க அணைச்சுட்டாலும் சொன்னதா ஆயிடும்.

போரப் பத்திப் பேசறப்பவும் இதே மாதிரிதான். உலக வரலாறு முழுக்க ஒரு நிமிஷத்துல அடங்காது. ஒரு உயிர், ஒரு ஐட்டம் நம்பர், ஒரு கோரிக்கை.

மீட்டிங் அன்னிக்கு

அரை மணி நேரம் முன்னாடி போங்க. வாசல்லயோ க்ளெர்க் மேசைலயோ ஸ்பீக்கர் கார்டு இருக்கும், சில ஊர்ல டேப்லெட்ல தட்டணும், சில ஊர்ல முன்கூட்டியே ஆன்லைன்ல பதியணும். ஐட்டம் நம்பர தப்பா எழுதினா உங்க பேர கூப்பிடறப்ப அந்த ஐட்டமே முடிஞ்சிருக்கும், ரெண்டு தடவ பாத்துக்கோங்க. பேர், அட்ரஸ் குடுக்கணும்னு கேப்பாங்க, ஆனா குடுக்காதவங்கள மீட்டிங்ல உக்காரக் கூடாதுன்னு சொல்ல முடியாது. ஜூம்லயோ ஃபோன்லயோ பேசலாமான்னு அஜெண்டா முதல் பக்கத்துல போட்டிருக்கும்.

உள்ள போனா மேடைல அரைவட்டமா மெம்பர்கள், நடுவுல மேயர், கீழ ஒரு மைக், அதுக்கு மேல ஒரு சின்ன விளக்கு: பச்சை எரியும், மஞ்சள் வந்தா முடிக்க ஆரம்பிக்கணும், சிவப்பு வந்தா நிறுத்தணும். நம்ம ஆளுங்க அந்த மஞ்சளப் பாத்ததும் பதறிப் போய் படபடன்னு வேகமாப் படிக்கறாங்க. வேண்டாம். நான் போன ஒரு மீட்டிங்ல புடவை கட்டின ஒரு பாட்டி, கைல பேப்பரே இல்லாம மைக்க ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, மஞ்சள் வந்ததும் பேச்ச அப்படியே நிறுத்தி, எதிர்ல இருந்த ஏழு பேரையும் ஒவ்வொருத்தரா முகத்தப் பாத்துட்டு, "இந்த வயசுல நான் எங்க போவேன்"ன்னு மட்டும் கேட்டுட்டு இறங்கினாங்க. பக்கத்துல நின்ன பேரன் அத இங்கிலீஷ்ல சொல்லி முடிச்சப்ப லேப்டாப் பாத்துட்டு இருந்த ஒரு மெம்பர் அத மூடி வச்சுட்டார்.

சாப்பிட்டுட்டுப் போங்க, தண்ணி, சார்ஜர், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, பெரிய விவாதம்னா ராத்திரி பதினொண்ணு ஆகலாம், குழந்தை வச்சிருக்கறவங்க முறை போட்டுப் பாத்துக்கோங்க. கை தட்டறது, பேனர் தூக்கறதுக்கு ஒவ்வொரு ஊர்லயும் ரூல் இருக்கு. மீட்டிங்க நடத்த விடாம பண்ணினா முதல்ல எச்சரிக்கை, அப்புறம் வெளியேத்தலாம்னு சட்டம். வெளிய போயிட்டா உங்க ஒரு நிமிஷம் போயிடும்.

எதிர்க் கருத்துக்காரங்களும் அதே வரிசைல நிப்பாங்க. காசால மொத்தக் குடும்பத்தையும் இழந்தவங்க இருப்பாங்க, 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதல்ல சொந்தக்காரங்கள இழந்தவங்களும் இருப்பாங்க. யாரோட துக்கத்தையும் பொய்னு சொல்லாதீங்க, ஆளத் தாக்காதீங்க, பேசறது மேயரப் பாத்து மட்டும் இருக்கட்டும். வீட்டு விஷயத்துல எதிர்ல நிக்கறது நம்ம ஆளாவே இருக்கலாம், ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டு லோன் கட்டறவங்க நம்மல்ல நிறைய பேர். ஹால்ல சண்டை போடறதுக்கு முன்னாடி ஒரு காபி குடிச்சுட்டே பேசிப் பாருங்க, தனி வீட்டுக்கு சிட்டி வாடகைக் கட்டுப்பாடே வராதுன்னு தெரிஞ்சா பாதிப் பேர் எதிர்க்க மாட்டாங்க.

விசால இருக்கறவங்க இத அவசியம் படிங்க

சட்டப்படி பேச உரிமை இருக்கு. ஆனா 2025ல இருந்து நிலைமை வேற. பாலஸ்தீன ஆதரவுப் போராட்டத்துல இருந்த கிரீன் கார்டு வச்சிருந்த கொலம்பியா யுனிவர்சிட்டி மாணவர் மார்ச்ல கைதானார், மாணவர் பத்திரிகைல ஒரு கட்டுரை எழுதினதுல பேர் இருந்த டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டி மாணவிய அதே மாசம் தெருவுல வச்சுப் பிடிச்சுட்டுப் போனாங்க. கோர்ட் பின்னாடி ரெண்டு பேரையும் விடச் சொல்லுச்சு, அதுக்குள்ள வாரக்கணக்குல, மாசக்கணக்குல உள்ள இருந்துட்டாங்க. கவுன்சில் மீட்டிங் வீடியோ இன்டர்நெட்ல காலத்துக்கும் இருக்கும், உங்க முகமும் குரலும் அதுல இருக்கும்.

யாரையும் பயமுறுத்த இத எழுதல. எஃப்1, எச்1பி, கிரீன் கார்டு வெயிட்டிங்ல இருக்கறவங்க போர் பத்தி மேடை ஏறறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தர் கிட்ட கேட்டுக்கோங்க. மைக் முன்னாடி நிக்காமலும் நிறைய வேலை இருக்கு, அஜெண்டா படிக்கறது, வரைவு எழுதறது, மத்தவங்களுக்கு மொழிபெயர்க்கறது, குழந்தைங்களப் பாத்துக்கறது, கார்ல கூட்டிட்டுப் போறது. சிட்டிசனா ஆயிட்ட அண்ணன் அக்காமாரே, நீங்கதான் முன்னாடி நிக்கணும், அந்த நீல பாஸ்போர்ட் இதுக்கும்தான்.

எழுத்துல அனுப்பற கமெண்டும் பொது ரெக்கார்டுதான், யாரு கேட்டாலும் குடுப்பாங்க, அதுல வீட்டு அட்ரஸ், ஃபோன் நம்பர் எழுதாதீங்க.

மீட்டிங்குக்கு வெளிலதான் பாதி வேலை

ஒவ்வொரு மெம்பரையும் தனியாப் பாக்க நேரம் கேளுங்க, பதினஞ்சு நிமிஷம் குடுப்பாங்க, நாலஞ்சு பேரா போங்க, அவங்க டிஸ்ட்ரிக்ட்ல குடியிருக்கற ஒருத்தராவது கூட இருக்கணும். ஒரு விஷயத்துல ஜாக்கிரதை: ஒரு மெம்பர் சொன்னத இன்னொரு மெம்பர் கிட்ட போய் "அவர் ஓகே சொல்லிட்டார், நீங்களும் சொல்லுங்க"ன்னு சொல்லாதீங்க. பெரும்பான்மை மெம்பர்கள் மீட்டிங்குக்கு வெளிய, யாரோ ஒருத்தர் வழியா கூட ஒரு முடிவுக்கு வர்றது பிரவுன் ஆக்ட்ல தப்பு, எதிர்த் தரப்பு அதப் பிடிச்சுக்கும்.

டெனன்ட் யூனியன் (வாடகைக்கு இருக்கறவங்க சங்கம்), சர்ச், மசூதி, சினகாக் (யூதர் கோயில்), குருத்வாரா, லேபர் யூனியன், இவங்கெல்லாம் வருஷக்கணக்கா இதச் செய்யறவங்க. தனியா தமிழ்க் குரூப்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவங்க கூட போய் உக்காருங்க, எந்த மெம்பர் எப்படின்னு அவங்களுக்கு அத்துப்படி.

காலம் ரொம்ப முக்கியம். சிட்டி பட்ஜெட் வருஷம் பொதுவா ஜூலை 1ல ஆரம்பிக்குது, வரைவு மே வாக்குல வரும், ஜூன்ல பாஸ் பண்ணிடுவாங்க. வக்கீல் உதவிக்கு ஃபண்டு வேணும்னு ஜூன் மாசம் போய்க் கேட்டா பணம் எல்லாம் பங்கு போட்டு முடிஞ்சிருக்கும், ஜனவரி ஃபிப்ரவரில முன்னுரிமை பேசறப்பவே கேக்கணும். இன்னொண்ணு, ஒவ்வொரு ஊரும் எட்டு வருஷத்துல இத்தன வீட்டுக்கு வழி பண்ணணும்னு ஸ்டேட் ஒரு கணக்கு குடுத்திருக்கு. 2031 வரைக்கும் சான் ஹோசேக்கு 62,200, ஓக்லண்டுக்கு 26,251. எவ்ளோ ஆச்சுன்னு வருஷா வருஷம் ஏப்ரல் 1க்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும். அந்த ரிப்போர்ட்ல குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான வரிசைய மட்டும் பாருங்க, அந்த நம்பர மைக்ல படிங்க.

கவுன்சில் அசையவே இல்லன்னா வாக்காளர் வழி இருக்கு. மவுண்டன் வியூல 2016ல குடியிருந்தவங்களே கையெழுத்து வாங்கி "மெஷர் வி"ங்கற வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்த தேர்தல் வாக்குச்சீட்டுல வச்சு ஜெயிச்சாங்க, இன்னிக்கு அங்க பழைய அபார்ட்மென்ட்ல வருஷ வாடகை உயர்வு 2ல இருந்து 5 சதவீதத்துக்குள்ளதான். ரிச்மண்ட்ல கவுன்சில் 2015ல வாடகைச் சட்டம் போட்டு, எதிர்த் தரப்பு கையெழுத்து வாங்கி அத நிறுத்தி வச்சு, அடுத்த வருஷம் மக்களே ஓட்டுப் போட்டு அதக் கொண்டு வந்தாங்க.

ஓட்டு முடிஞ்சதும்

தீர்மானம்னா அன்னிக்கே அமலுக்கு வந்துடும், ஆனா லெட்டர் அனுப்பினாங்களான்னு ரெண்டு வாரம் கழிச்சு க்ளெர்க் கிட்ட காப்பி கேளுங்க. ஆர்டினன்ஸ்னா (சிட்டி போடற சட்டம்) கதை வேற, பொதுவா ரெண்டு தடவ ஓட்டுக்கு வரணும், அதுக்கப்புறம் 30 நாள் கழிச்சுத்தான் அமல். முதல் ஓட்டு ஜெயிச்ச சந்தோஷத்துல எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க, ரெண்டாவது ஓட்டு அன்னிக்கு ஹால் காலியா இருக்கும், வார்த்தை மாறுறதும் ஓட்டு மாறுறதும் அப்பதான். அந்தத் தேதிய அன்னிக்கு ராத்திரியே எல்லாரோட ஃபோன் காலெண்டர்லயும் போட வைங்க. தோத்துட்டா, எதிர்த்து ஓட்டுப் போட்டவங்க சொன்ன காரணத்த வீடியோவ நிறுத்தி நிறுத்தி எழுதி எடுங்க, "ஸ்டாஃபுக்கு நேரம் இல்ல"ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா அடுத்த தடவ அதுக்கான பதிலோட அவர் ஆபீஸ்லயே ஆரம்பிங்க. ஆதரிச்சவங்களுக்கு மறுநாள் காலைல ரெண்டு வரி நன்றி மெயில் போட்டுடுங்க, எதிர்ப்பு மெயில் அவங்களுக்கு அதுக்குள்ள வந்து குவிஞ்சிருக்கும்.